இதமான மர்மமா, சிறுவர் சாகசமா? வாசிப்புக்குத் திரும்புவோருக்கான ஓர் ஒப்பீடு

வாசிப்பை விட்டுச் சில ஆண்டுகள் ஆனவர்கள் மீண்டும் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுக்க நினைக்கும்போது, கனமான நாவலில் தொடங்கத் தயங்குவது இயல்பு. அலுவலகமும் வீட்டு வேலைகளும் போக மிஞ்சுகிற அரை மணி நேரத்தில், உறங்கப்போகும் முன், மனத்தை அலைக்கழிக்காத ஒன்றைப் படிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை. அவர்களுக்குப் பொதுவாக இரண்டு திசைகள் காட்டப்படுகின்றன. ஒன்று, ‘கோஸி மிஸ்டரி’ என்று வாசகர்கள் அழைக்கும் இதமான மர்மக் கதை: சிறிய ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், நம் கண்ணுக்கு மறைவாக நடந்து முடிந்த குற்றம், காவல்துறையைச் சேராத ஒருவர் அதைத் துலக்குதல். மற்றொன்று, பெரியவர்களும் கூச்சமின்றிப் படிக்கத்தக்க சிறுவர் சாகசக் கதை. இவ்விரண்டுக்கும் இடையில், சிறுவர்களுக்கென எழுதப்பட்ட துப்பறியும் கதைகளும், தமிழிலேயே கிடைக்கும் சில நல்ல தெரிவுகளும் உள்ளன.

அண்மைக் காலமாக இவ்வகை நூல்களையே மாற்றி மாற்றி வாசித்து வந்திருக்கிறேன். எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்த வாசகரின் எந்த வாரத்துக்கு எது பொருந்தும் என்பதற்கு விடை உண்டு. அதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், ஒரு நூல் இடைவெளியை எவ்வளவு தாங்கும் என்பது. செவ்வாய்க்கிழமை இருபது பக்கம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி புத்தகத்தைத் திறக்க முடிகிறது என்றால், விட்ட இடத்தில் கதை நம்மைச் சேர்த்துக்கொள்ளுமா, அல்லது பத்துப் பக்கம் பின்னால் போய் ‘இவர் யார்’ என்று தேட வைக்குமா? நூல்களைப் பரிந்துரைப்பவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆனால் ஆர்வத்தோடு தொடங்கிய நூல் பாதியில் நின்றுபோவதற்கு, என் கணிப்பில், அதன் தரத்தைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம். ஆகவே இந்தக் கட்டுரையில் மற்ற அளவுகோல்களைவிட இதற்கே கூடுதல் எடை கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, மொழியும் பின்னணியும் கேட்கும் உழைப்பு. கதை எளிதாக இருந்தாலும், 1930களின் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் வீட்டின் அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் வாசிக்கும்போது சிறு சிறு தடைகள் வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, இதம் எவ்வளவு உண்மையானது என்பது. பூனையும் தேநீர்க் கோப்பையும் வரைந்த அட்டைக்குள் ஆழ்ந்த துயரம் ஒளிந்திருப்பது உண்டு. நான்காவது, தனியாகப் படிக்கப் போகிறோமா, வீட்டிலுள்ள குழந்தைக்கு வாசித்துக் காட்டப் போகிறோமா என்பது. இந்த நான்கோடு, பழைய நூல்களில் படிந்திருக்கும் கால மனப்பான்மைகளும், தொடர் நூல்கள் தம் வரிசைக்குள் நம்மை இழுத்துக்கொள்வதும் மறைமுகச் செலவுகள்; அவற்றை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

| தெரிவு | இடைவெளியைத் தாங்குமா | மொழி, பின்னணி உழைப்பு | இதம் | குழந்தையுடன் வாசிக்க |
|---|---|---|---|---|
| மிஸ் மார்ப்பிள் நாவல்கள் | தாங்காது | நடுத்தரம் | கொலை உண்டு, கோரம் இல்லை | பதின்பருவத்தினருக்கு மட்டும் |
| மிஸ் மார்ப்பிள் சிறுகதைகள் | நன்கு தாங்கும் | நடுத்தரம் | அதே அளவு | பதின்பருவத்தினருக்கு மட்டும் |
| போட்ஸ்வானா துப்பறியும் தொடர் | மிக நன்றாகத் தாங்கும் | குறைவு | பெரும்பாலும் உண்டு | பெரியவர்களுக்கே ஏற்றது |
| ஆர்தர் ரான்சம் | தொடக்கம் கடந்தபின் தாங்கும் | அதிகம் | முழுமை | உரக்க வாசித்துக் காட்டினால் |
| எனிட் பிளைட்டன் | ஒரே மூச்சில் முடிந்துவிடும் | மிகக் குறைவு | முழுமை | குழந்தை தானே படிக்கும் |
| எரிக் கேஸ்ட்னரின் எமில் | தாங்கும் | குறைவு | முழுமை | மிகப் பொருத்தம் |
| ஃபெலுடா | ஓரளவு | குறைவு | கொலை சிலவற்றில் உண்டு | பத்து வயதுக்கு மேல் |
| துப்பறியும் சாம்பு | மிக நன்றாகத் தாங்கும் | குறைவு | முழுமை | விளக்கத்தோடு |

## சிற்றூர்க் கொலைகள்: மிஸ் மார்ப்பிள்

அகதா கிறிஸ்டி உருவாக்கிய மிஸ் மார்ப்பிள் முதலில் 1927-இல் ஒரு சிறுகதையில் தோன்றி, 1930-இல் ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’ என்ற நாவலில் முழு உருவம் பெற்றார். செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனை ஊரில் பின்னல் வேலையும் தோட்டமுமாக வாழும் இந்த மூதாட்டியின் துப்பறியும் முறை வேடிக்கையானது. எந்தக் கொலையைக் கண்டாலும், தன் ஊரில் முன்பு நடந்த ஏதோ ஒரு சில்லறைக் களவையோ பொய்யையோ நினைவுகூர்ந்து, மனித இயல்பு எங்கும் ஒன்றுதான் என்ற துணிவில் அவர் முடிவுக்கு வருகிறார். நம் ஊர்த் திண்ணைகளில் அமர்ந்து தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் எடைபோட்ட பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மேற்சொன்ன முதல் நாவலைப் பாதிரியாரே தன்மையில் சொல்கிறார். கர்னல் புரோத்தரோவை யாராவது கொன்றால் அது உலகத்துக்கே செய்த தொண்டாகும் என்று சாப்பாட்டு மேசையில் அவர் வாய்தவறிச் சொல்ல, அதே கர்னல் சற்றுப் பின்னர் அவருடைய வாசிப்பறையில் சுடப்பட்டுக் கிடக்கிறார். நகைச்சுவையும் புதிரும் இவ்வளவு இயல்பாகக் கலந்த தொடக்கம் அரிது. ஆனால் கதை நகர நகர, யார் எத்தனை மணிக்கு எந்தப் பாதை வழியாகப் போனார், கால் மணி நேரம் கூட்டி வைத்திருந்த கடிகாரத்தைப் பற்றி யாருக்குத் தெரியும், சுடப்பட்ட ஓசையை யார் எப்போது கேட்டார் என்பவையெல்லாம் முக்கியமாகிவிடுகின்றன. ஐந்து நாள் இடைவெளி விட்டுத் திரும்பி வருகிற வாசகருக்கு இவற்றில் பாதியும் நினைவில் நிற்பதில்லை.

இது அந்த வகையின் அமைப்பிலேயே உள்ளது. இங்கிலாந்தில் 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். 1930-இல் எழுத்தாளர்கள் கூடி டிடெக்‌ஷன் கிளப்பை அமைத்தார்கள். குற்றவாளியைக் கண்டறியத் தேவையான தடயங்கள் அனைத்தும் துப்பறிவாளருக்குக் கிடைக்கும்போதே வாசகருக்கும் கிடைத்துவிட வேண்டும் என்பதே இந்த விளையாட்டின் நேர்மை. தடயத்தை மறைக்கக் கூடாது. ஆனால் அது கண்ணில் படாதபடி ஓர் உரையாடலின் நடுவில் போட்டுவைக்கலாம். நினைவாற்றலோடு தொடர்ந்து வாசிப்பவருக்கு இது பேரின்பம். விட்டு விட்டு வாசிப்பவர் ஆட்டத்தையே இழக்கிறார். இறுதியில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி உண்மையை விளக்கும்போது, ‘அப்படியா’ என்று கேட்டுக்கொள்வதோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது.

மறைமுகச் செலவு வேறொன்றும் உண்டு. 1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ என் மதிப்பில் மார்ப்பிள் நாவல்களில் மிகச் சிறந்தது. இன்ன வீட்டில், இன்ன நாளில், இத்தனை மணிக்குக் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு என்று எண்ணி அக்கம்பக்கத்தார் அனைவரும் அங்கே கூடுகிறார்கள். போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலமும், பக்கத்து வீட்டுக்காரர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்று உறுதிசெய்ய முடியாத நிலையும் கதையின் முதுகெலும்பு. அதே வீட்டில் மிட்ஸி என்னும் ஐரோப்பிய அகதிச் சமையற்காரி இருக்கிறார். தன் குடும்பத்தார் கொல்லப்பட்டதைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் அதை மிகையாகவும் நகைப்புக்குரியதாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். நூலும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்கிறது. 1945-ஐ அடுத்து எழுதப்பட்ட நூலில் இதைப் படிப்பது உறுத்துகிறது. பணிப்பெண்கள் பலர் மந்தமானவர்களாகச் சித்திரிக்கப்படுவதும் இத்தகையதே. கிறிஸ்டியின் சில நூல்களுடைய புதிய பதிப்புகளில் இனம் சார்ந்த சொற்கள் திருத்தப்பட்டதாக 2023-இல் செய்தி வெளியானது; ஆனால் பார்வையே பழையதாக இருக்கும் இடங்களை ஒரு சொல்லை மாற்றிச் சரிசெய்ய இயலாது.

மார்ப்பிள் நாவல், மூன்று நான்கு நாள் தொடர்ச்சியாக நேரம் கிடைப்பவர்களுக்கு உரியது. நீண்ட ரயில் பயணம், காய்ச்சலுக்குப் பின் ஓய்வெடுக்கும் நாட்கள், பண்டிகை விடுமுறை ஆகியவை அதற்கு ஏற்ற சமயங்கள். அவ்வாறு நேரம் கிடைக்காதவர்கள் 1932-இல் வெளியான ‘தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்’ தொகுப்பை எடுக்கலாம். சிலர் ஓர் அறையில் கூடி, தமக்குத் தெரிந்த விடையுள்ள மர்மம் ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் ஊகிக்க, மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் மூதாட்டி ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிவிடும் அமைப்பில் அதன் பெரும்பாலான கதைகள் உள்ளன. ஒரு கதை ஓர் இரவுக்குப் போதும். அடுத்ததை அடுத்த வாரம் படித்தாலும் இழப்பில்லை. கிறிஸ்டி முதல் உலகப் போரில் மருத்துவமனையின் மருந்து வழங்கும் பிரிவில் பணியாற்றியவர். நஞ்சுகளைப் பற்றி அங்கே பெற்ற அறிவு இந்தச் சிறுகதைகளிலும் தெரிகிறது.

## கொலை குறைந்த மர்மம்

கொலையே வேண்டாம், ஆனால் ‘என்ன நடந்தது’ என்ற ஆவல் வேண்டும் என்பவர்களுக்கு அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் ‘தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்ஸி’ தொடர் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய இத்தொடரின் களம் போட்ஸ்வானாவின் தலைநகரான காபரோன். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்த தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்று, பிரீஷியஸ் ராமோட்ஸ்வே என்ற பெண் ஒரு துப்பறியும் நிறுவனத்தைத் தொடங்குகிறார். மாடு செல்வமாகவும் மதிப்பாகவும் கருதப்படும் ஊரில் அது எவ்வளவு பெரிய முடிவு என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வழக்குகளோ சிறியவை: காணாமற்போன கணவர், ஐயத்துக்குரிய மகள், நம்ப முடியாத கூட்டாளி. செயலர் பயிற்சிக் கல்லூரியில் 97 விழுக்காடு பெற்றதை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நினைவூட்டும் உதவியாளர் மக்குட்சியை மறப்பது கடினம்.

ஒரே நூலில் பல சிறு வழக்குகள் வந்து போவதால் இடைவெளியைத் தாங்குவதில் இதற்கு இணையில்லை. எனினும் முதல் நூலில் நாயகியின் முதல் மணவாழ்வில் நேர்ந்த வன்முறையும் குழந்தை இழப்பும், சூனியத்துக்காகக் கடத்தப்பட்டதாக அஞ்சப்படும் ஒரு சிறுவனைப் பற்றிய வழக்கும் உண்டு. அட்டையைப் பார்த்து முழு இதத்தை எதிர்பார்ப்பவர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. புதிரை எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாறுவார். பல வழக்குகள் தடயத்தால் தீர்வதில்லை. பொறுமையாலும் நேராகக் கேட்கும் ஒரு கேள்வியாலும் தீர்கின்றன. ஆசிரியர் அன்றைய தெற்கு ரொடீஷியாவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை நிறுவ உதவியவர். அந்த நாட்டின் மீது அவருக்குள்ள அன்பு உண்மையானது என்றாலும், வறுமையும் நோயும் கதையின் ஓரத்திலேயே நிற்பதை உணர்ந்தே வாசிக்க வேண்டும்.

இதே வரிசையில் இப்போது அதிகம் பேசப்படுவது ரிச்சர்ட் ஆஸ்மனின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’. முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாழும் நால்வர் வியாழக்கிழமைதோறும் பழைய வழக்குகளை ஆராய்கிறார்கள். 2020-இல் வந்த இந்நூலின் அத்தியாயங்கள் மிகச் சிறியவை. அந்த வகையில் பேருந்துப் பயணத்துக்கும் ஏற்றது. நகைச்சுவை மிகுந்தது என்ற பெயரோடு வந்தாலும், நினைவாற்றலை இழந்துவரும் கணவரை, நால்வரில் ஒருவரான எலிசபெத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றும் பக்கங்கள் கனமானவை. வீட்டில் வயதான பெற்றோரைப் பராமரிப்பவர்கள் உறங்கும் முன் படிக்க இதை நான் பரிந்துரைப்பதில்லை. வேறொரு மனநிலையில், பகல் பொழுதில், அவர்களுக்கே இது மிக நெருக்கமான நூலாகவும் அமையக்கூடும்.

## ஏரியும் தீவும்: சிறுவர் சாகசம்

பெரியவர்கள் சிறுவர் நூலை வாசிப்பதில் கூச்சப்படத் தேவையில்லை என்பதற்கு என்னிடம் உள்ள முதற்சான்று ஆர்தர் ரான்சம். ரஷ்யப் புரட்சியை நேரில் கண்டு செய்தி எழுதிய பத்திரிகையாளர் அவர். புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியின் செயலராக இருந்த பெண்ணை மணந்தவர். அத்தகைய வாழ்க்கை வாழ்ந்தவர் 1930-இல் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நூலில் புரட்சியும் இல்லை, கொலையும் இல்லை. நான்கு குழந்தைகள் வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் ஒரு பாய்மரப் படகில் ஏறி, தீவொன்றில் கூடாரம் அடித்து, தாங்களே சமைத்து, மீன் பிடித்து, எதிரே வந்த இரு சிறுமிகளோடு கடற்போர் விளையாடுகிறார்கள். அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கடற்படையில் பணிபுரியும் தந்தை அனுப்பிய தந்தியின் சாரம் இதுதான்: மடையர்களாக இருந்தால் மூழ்கிப்போவதே மேல்; மடையர்களாக இல்லாவிட்டால் மூழ்கமாட்டார்கள். இன்றைய பெற்றோர் எவரும் அனுப்பத் துணியாத அந்தத் தந்தியில்தான் நூலின் முழு மனநிலையும் அடங்கியிருக்கிறது. குழந்தைகளுக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் விலகி நிற்கிறார்கள்.

இந்நூலின் இன்பம் திருப்பங்களில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. தீ மூட்டுவது எப்படி, இருளில் துறைக்கு வழிகாட்ட இரண்டு விளக்குகளை எங்கே வைப்பது, எதிர்க்காற்றில் படகைக் குறுக்கும் நெடுக்குமாக எப்படிச் செலுத்துவது என்பவற்றை ஆசிரியர் எந்த அவசரமும் இல்லாமல் சொல்கிறார். ஒவ்வொரு நாளும் தீவில் புதிய வேலை ஒன்று பிறப்பதால், ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் உடனே கதைக்குள் நுழைந்துவிடலாம். மனம் களைத்த நிலையில் இருப்பவருக்கு எந்த மர்மக் கதையைவிடவும் இது மருந்தாகும் என்பது என் உறுதியான கருத்து; ஏனெனில் மர்மக் கதை நம்மிடம் கவனத்தைக் கேட்கிறது, இதுவோ நம் கவனத்தை மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது.

அதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். பாய்மரக் கலைச்சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஏரியில் படகு ஓட்டிப் பழகாத நம்மில் பெரும்பாலோர் முதல் சில அத்தியாயங்களில் தடுமாறுவோம். எல்லாச் சொற்களையும் அகராதியில் தேடாமல், கயிறு, கம்பம், பாய் என்ற அளவில் புரிந்துகொண்டு நகர்வதே நல்லது. மேலும், இக்குழந்தைகள் தங்களைக் கடலோடிகளாகவும் ஊரிலுள்ள பெரியவர்களைப் ‘பூர்வகுடிகள்’ ஆகவும் கற்பனை செய்துகொள்கிறார்கள். பேரரசின் காலத்து விளையாட்டு அது. குழந்தைக்கு வாசித்துக் காட்டுபவர் அந்த இடங்களில் சற்று நிறுத்தி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிச் செல்லலாம். உண்மையான அபாயம் வேண்டும் என்பவர்கள் இதே வரிசையில் 1937-இல் வந்த ‘வி டிட்ன்ட் மீன் டு கோ டு ஸீ’ நூலை நேராகவே எடுக்கலாம். மூடுபனியில் நங்கூரம் நழுவி, அதே நான்கு குழந்தைகள் வட கடலைக் கடந்து ஹாலந்து வரை போக நேரும் கதை அது. அதன் இரவுக் காட்சிகளைப் பாதியில் நிறுத்த என்னால் இயலவில்லை.

எனிட் பிளைட்டனைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு குழந்தைகளும் ஒரு நாயும் சேர்ந்து சாகசம் செய்யும் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையில் 1942 முதல் 1963 வரை 21 நாவல்கள் வந்தன. வாடகை நூலகங்கள் வழியாக நம் நகரங்களில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பலருக்கு அவை முதல் படி. எட்டு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள குழந்தை துணையின்றிப் படிக்க இவற்றைவிட எளியவை குறைவு. ஆங்கில வாசிப்பில் தயக்கமுள்ள பெரியவர்களுக்கும் இதையே கூறுவேன். மற்றப் பெரியவர்கள், இளமை நினைவுக்காக ஒன்றைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது நூல் முதல் நூலாகவே தோன்றும். சமைப்பதும் ஒழுங்குபடுத்துவதும் அவர்களில் ஒரு சிறுமியான ஆனுக்கு விதிக்கப்பட்டவை, துணிவு வேண்டுமென்றால் மற்றொரு சிறுமியான ஜார்ஜைப் போல் பெண்ணாக இருப்பதையே மறுத்தாக வேண்டும் என்ற அமைப்பு இன்றைய சிறுமிகளிடம் கேள்விகளை எழுப்பும், எழுப்பட்டும். 2010-இல் பதிப்பாளர் இவற்றின் மொழியை நவீனப்படுத்திப் பார்த்து, வரவேற்பில்லாததால் 2016-இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்.

## இரண்டுக்கும் நடுவில்: எமிலும் ஃபெலுடாவும்

மர்மமும் வேண்டும், குழந்தையோடு சேர்ந்தும் படிக்க வேண்டும் என்றால் எரிக் கேஸ்ட்னர் 1929-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய எமிலின் கதையே என் முதல் தெரிவு. பெர்லினிலுள்ள பாட்டியிடம் சேர்க்க வேண்டிய பணத்தோடு எமில் தனியாக ரயிலேறுகிறான். சட்டைப் பையின் துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தும், உறங்கும் நேரத்தில் அது திருடப்படுகிறது. சிகை அலங்காரம் செய்து தாய் ஈட்டிய பணம் என்பதால் அவனுக்கு அது வெறும் தொகையன்று. நகரத்துச் சிறுவர்கள் திரண்டு திருடனைப் பின்தொடர்கிறார்கள். அவர்களில் ஒருவன் இரவெல்லாம் தொலைபேசி அருகே காத்திருக்கும் சலிப்பான வேலையை முறையிடாமல் செய்கிறான். வீரத்தை இப்படிப் பங்கிட்டுக் கொடுத்த சிறுவர் நூல் அக்காலத்தில் அரிது. தடயம் ஒன்றே ஒன்று. அதை ஏழு வயதுக் குழந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே இடைவெளி ஒரு சிக்கலே இல்லை. 1933-இல் நாஜிகள் கேஸ்ட்னரின் நூல்களை எரித்தபோது இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த அளவுக்கு மக்களிடம் அது இடம்பெற்றிருந்தது.

சத்யஜித் ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலுடா 1965-இல் ‘சந்தேஷ்’ என்ற வங்கச் சிறுவர் இதழில் அறிமுகமானார். ராயின் தாத்தா தொடங்கிய இதழ் அது. கதைகளைச் சொல்லும் இளைஞன் தப்ஷேயும், பின்னர் வந்து சேரும் அசட்டுத் திகில் எழுத்தாளர் ஜடாயுவும் சேர்ந்தால் பயணத்துக்குக் குறைவில்லை: டார்ஜிலிங், லக்னோ, காசி, ஜெய்சல்மேர் என்று ஒவ்வொரு கதையும் ஓர் ஊரைக் காட்டுகிறது. முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லும் சிறுவனை மையமாக வைத்த ‘சோனார் கேல்லா’விலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஃபெலுடா கதைகள் கிடைப்பதால் மொழித் தடையும் இல்லை. நெருடுவது ஒன்றுதான்: இந்த உலகில் பெண்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை. பத்து வயதுச் சிறுமிக்குப் பரிசளிக்க எண்ணுபவர், எமிலின் தாயுடைய சகோதரியின் துடுக்கான மகள் இடம்பெறும் கேஸ்ட்னரையும் சேர்த்தே வாங்கலாம்.

## தமிழிலேயே தொடங்க விரும்பினால்

பகல் முழுவதும் ஆங்கிலத்தில் உழன்றவருக்கு இரவிலும் ஆங்கிலம் ஓய்வு தராது. அவர்கள் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வைத் தேடட்டும். 1940களில் ஆனந்த விகடனில் வந்த இக்கதைகளில், ஊரறிந்த அசடான வங்கி எழுத்தர் சாம்பு, ஒன்றும் புரியாமல் எதையோ செய்ய, குற்றவாளி தானாகவே வந்து மாட்டிக்கொள்கிறான். பெயர் மட்டும் சாம்புவுக்கு. தடயம், காலக்கணக்கு, ஊகம் ஆகிய அனைத்தையும் நையாண்டி செய்யும் கதைகள் என்பதால், முன்னதில் நடந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் குறைவு. ஆனால் தொடர்ச்சியாகப் பத்துக் கதைகளைப் படித்தால் சூத்திரம் தெரிந்துவிடும். வார இதழில் வந்தபடியே இடைவெளி விட்டுப் படிப்பதுதான் இதற்கு ஏற்ற முறை. மார்ப்பிள் நாவலுக்கு நேர் எதிரான நிலை இது.

மாத நாவல்களை இதமான மர்மத்தின் தமிழ் வடிவமாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோரின் கதைகள் விரைவுக்கும் அதிர்ச்சிக்கும் எழுதப்பட்டவை. ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்பது அவற்றின் பெரிய வசதி. அதன் பின் உறக்கம் வருமா என்பது அவரவர் மனத்திட்பத்தைப் பொறுத்தது. ராஜேஷ்குமாரின் நாவல்களில் தொடர்பற்ற இரண்டு தடங்கள் மாறி மாறி ஓடி இறுதியில் இணைவது வழக்கம் என்பதால், அவற்றையும் நடுவில் விட்டுப் படிக்கக் கூடாது.

தமிழில் சிறுவர் சாகசம் தேடும் பெரியவருக்கு ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ பொருந்தும். தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயப் பனிவெளியில் பனிமனிதனைத் தேடிச் செல்லும் பயணத்தின் ஊடே பரிணாமமும் பௌத்தமும் பேசப்படுகின்றன. சாகசத்தை மட்டும் விரும்பும் குழந்தைக்கு அந்தப் பகுதிகள் நீளமாகத் தோன்றலாம். பெரியவருக்கு அவையே கூடுதல் ஈர்ப்பு. கீழடிக் காலத்துக்குப் போகும் சிறுவனைப் பற்றிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அளவில் சிறியது, குழந்தையோடு விரைவில் முடித்துவிடலாம்.

## வரிசையாகப் படிக்க வேண்டுமா

ஒரு நூல் பிடித்துவிட்டால் அடுத்தடுத்த நூல்களுக்கான செலவும் நேரமும் பின்தொடரும். போட்ஸ்வானா தொடர் இருபது நூல்களைத் தாண்டிவிட்டது. நாயகியின் திருமணம், வளர்ப்புக் குழந்தைகள், உதவியாளரின் உயர்வு ஆகியவை நூலுக்கு நூல் நகர்வதால் வெளியான வரிசையிலேயே படிப்பது நல்லது. ஆஸ்மனின் நூல்களுக்கும் இது பொருந்தும். எனவே பழைய புத்தகக் கடையில் தற்செயலாகக் கிடைக்கும் நடு நூல் ஒன்றிலிருந்து இவ்விரு தொடர்களையும் தொடங்க வேண்டாம். பிளைட்டனுக்கும் சாம்புவுக்கும் வரிசையைப் பற்றிய கவலை தேவையில்லை. ரான்சமின் 12 நூல்களில் இரண்டாவதான ‘ஸ்வாலோடேல்’ மட்டும் முதல் நூலை நெருங்கிச் சார்ந்தது.

மிஸ் மார்ப்பிளின் 12 நாவல்களில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் படிக்கலாம். 1971-இல் வந்த ‘நெமிசிஸ்’ நாவலில் மருத்துவரின் தடையால் தோட்ட வேலையைக் கைவிட்டிருக்கும் மூதாட்டி, 1976-இல் வந்த ‘ஸ்லீப்பிங் மர்டர்’ நாவலில் சுறுசுறுப்பாகக் களை பிடுங்குகிறார். கிறிஸ்டி அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதித் தம் மறைவுக்குப் பின் வெளியிடுவதற்காக எடுத்துவைத்திருந்ததே காரணம். ‘எ கரீபியன் மிஸ்டரி’யை மட்டும் ‘நெமிசிஸ்’ நாவலுக்கு முன் படித்துவிடுவது நல்லது. அதில் அறிமுகமாகும் செல்வந்தர் ரஃபியல் விட்டுச்செல்லும் பணியிலிருந்துதான் பின்னதன் கதை தொடங்குகிறது.